விரைவுக் காரும் உபரி ஆற்றலும்: ஒரு சொந்தக்காரனின் குறிப்புகள்

1

2024 தை மாதம் நான் ஒரு கார் வாங்கினேன். பிஎம்டபிள்யூ எம்340ஐ என்று பெயர். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 374 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொடும் என்பது கம்பெனிக் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு கதவும் ஒரு டிக்கியும் உள்ள குடும்பக் கார்தான். வாங்கிய ஒரு வாரத்துக்குள் பழைய நண்பர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. ‘என்ன தோழர், பண்ட வழிபாட்டைப் பத்தி எழுதி எழுதி அலுத்துப்போய், பண்டத்தையே வாங்கி வாசல்ல கட்டிட்டீங்களாமே?’

கேள்வி நியாயமானதுதான். தொண்ணூறுகளில் இது போன்ற பத்திரிகைகளில் மார்க்சையும் ரொலான் பார்த்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளம்பரம், சினிமா, நுகர்வு என்று கட்டுரைகள் எழுதியவன் நான். பிறகு கணிப்பொறி வேலைக்குப் போனேன், எழுத்து நின்றது, சம்பளம் ஏறியது. இது ஒன்றும் தனிக்கதையல்ல, ஒரு தலைமுறையின் கதை. இப்படிப்பட்டவன் இப்படிப்பட்ட காரை வாங்கினால் அவனிடமிருந்து இரண்டு விதமான பதில்களை எதிர்பார்ப்பார்கள். ஒன்று, பாவமன்னிப்பு: ‘ஆமாங்க, நானும் விழுந்துட்டேன்.’ இன்னொன்று, திமிர்: ‘சம்பாதிச்சேன், வாங்கினேன், உனக்கென்ன?’ இரண்டிலும் இருப்பது ‘நான்’ மட்டுமே. கார் இல்லை. மார்க்ஸ் 1867-இல் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பண்டத்தைத் திட்டவில்லை. அது என்ன என்று விளக்கத்தான் பார்த்தார். நானும் என் வாசலில் நிற்கிற பொருளை விளக்கப் பார்க்கிறேன். வாங்கினவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கைக்காசு போயிருப்பதால் கவனம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

2

முதலில் பொருள். ஸ்போர்ட்ஸ் கார் என்பது வேறு, ஸ்போர்ட்ஸ் செடான் என்பது வேறு. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வாக, இரண்டு பேர் உட்காரும்படியாக, ‘நான் வேகமானவன்’ என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு வரும். ஸ்போர்ட்ஸ் செடான் அப்படிச் சொல்லாது. அது ஏற்கெனவே இருக்கிற ஒரு குடும்பக் காரின் உடலை எடுத்துக்கொண்டு, உள்ளே பெரிய எஞ்சினை வைப்பது. எஞ்சின் பெரிதானால் பிரேக் பெரிதாக வேண்டும். டயர் அகலமாக வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இறுக வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல் ஆற்றலைப் பகிர்ந்து கொடுக்கிற டிஃபரன்ஷியல் வேண்டும். ஒரு உபரி அடுத்த உபரியைக் கேட்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, மேலே அதே நான்கு கதவுத் தகடு. பின்சீட்டில் அம்மாவை உட்கார வைக்கலாம், டிக்கியில் அரிசி மூட்டை வைக்கலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சமதளச் சாலையில் சீராக 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், இரண்டே இரண்டு எதிர்ப்புகளோடுதான் மல்லுக்கட்டுகிறது: காற்றின் தடை, டயர் உருளும்போது வரும் தடை. என் காரின் எடை ஏறக்குறைய 1,750 கிலோ. அதன் எடையையும் முகப்பின் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வேகத்தில் போய்க்கொண்டேயிருக்க அதற்குத் தேவைப்படுவது சுமார் 20 குதிரைத்திறன். அவ்வளவுதான். பழைய மாருதி 800-இல் இருந்ததே 37 குதிரைத்திறன்தான். அதுவும் இதே ஜி.எஸ்.டி. சாலையில் இதே வேகத்தில் போயிற்று, சத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஆக, என் எஞ்சினின் 374-இல் 20 வேலை செய்கிறது. 354 சும்மா இருக்கிறது.

‘ஓவர்டேக் பண்ண வேணுமே’ என்பார்கள். உண்மை. லாரியைக் கடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஆற்றல் தேவை. அதற்கு 120, 150 இருந்தால் தாராளம். மிச்சத்தை எந்தத் தேவையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

இங்குதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பயன்மதிப்பு என்பது பயன்படுத்துவதில்தான் கைகூடுகிறது என்பது நாம் படித்த பாடம். சட்டையை உடுத்த வேண்டும், சோற்றைத் தின்ன வேண்டும். ஆனால் இந்தப் பண்டத்தில் நான் காசு கொடுத்தது ஓடுகிற 20 குதிரைகளுக்காக அல்ல. லாயத்தில் கட்டிக்கிடக்கிற 354-க்காக. அவை ஓடாமல் இருப்பதில்தான், ஆனால் எந்த நேரமும் ஓடக்கூடும் என்பதில்தான், இதன் பயன் இருக்கிறது. பயன்படாமையே பயனாகிவிட்ட பண்டம் இது. கடிவாளம் என் வலது கால் கட்டைவிரலில் இருக்கிறது என்கிற நினைப்பு — சிக்னலில் நிற்கும்போதுகூட, பால் வாங்கப் போகும்போதுகூட — அதைத்தான் விற்கிறார்கள். நான் வாங்கினேன்.

3

இந்த விசித்திரப் பண்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு ஊர் உண்டு, வர்க்கம் உண்டு. போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனி அது.

1968-இல் மெர்சிடிஸ் கம்பெனி 300 எஸ்ஈஎல் 6.3 என்றொரு காரை வெளியிட்டது. எரிக் வாக்சன்பெர்கர் என்ற பொறியாளர், நாட்டுத் தலைவர்கள் போகிற 600 என்னும் பெரிய காரின் 6.3 லிட்டர் எஞ்சினை எடுத்து அதைவிடச் சிறிய செடானுக்குள் பொருத்திப் பார்த்ததில் பிறந்தது. 250 குதிரைத்திறன். அன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றை அது பின்னே தள்ளியது. ஆனால் பார்வைக்குத் தொழிலதிபரின் கார்தான். டிக்கியின் மேல் ‘6.3’ என்ற எண் ஒன்றே வித்தியாசம். முந்தின ஆண்டு, 1967-இல், ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்டும் எர்ஹார்ட் மெல்ச்சரும் ஏஎம்ஜி என்ற பட்டறையைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் இந்த 6.3-ஐ எடுத்துப் பந்தயத்துக்கு மாற்றி, 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிநேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். மேனேஜர் ஆபீஸ் போகிற வண்டி பந்தயத்தில் ஓடியது. அந்தப் படிமத்தின் மேல்தான் பிறகு ஒரு தொழிலே கட்டப்பட்டது.

1985-இல் பிஎம்டபிள்யூவின் எம்5 வந்தது. 286 குதிரைத்திறன், பந்தயப் பரம்பரையில் வந்த எஞ்சின், வெளித்தோற்றம் பக்கத்து வீட்டு 5 சீரிஸ் போலவே. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் கார் வாங்குகிறவர் ‘பின்னாலுள்ள மாடல் எழுத்துகள் வேண்டாம்’ என்று சொல்லி வாங்கும் வழக்கம் உண்டு. தோர்ஸ்டைன் வெப்லன் 1899-இல் எழுதிய ‘பகட்டு நுகர்வு’ இதற்குப் பொருந்தாது. பகட்டென்றால் ஊர் பார்க்க வேண்டும். இவரோ காசைக் கொடுத்து, குறிப்பானைக் கழற்றிவிடச் சொல்கிறார். குறி இல்லாமையே குறியாகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமான குறி. ‘நான் யாரென்று தெரிகிறவனுக்குத் தெரிந்தால் போதும்’ என்கிற மேட்டிமை. அதோடு, கணக்கு வழக்கு, குடும்பம், வேலைநேரம் என்று ஒழுங்குபடுத்தப்பட்ட மேலாளனுக்கு, ஒழுங்கைக் கலைக்காமலே உள்ளுக்குள் ஒரு மீறல். கலகம் டிக்கியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

2005 வாக்கில் வந்த எம்5-இல் இந்தத் தர்க்கம் நிர்வாணமாகவே வெளிப்பட்டது. பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன். ஆனால் காரைக் கிளப்பினால் 400-தான் கிடைக்கும். மீதி 107-க்குத் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உபரியின் மேல் ஓர் உபரி! அடுத்து 2011-இல் வந்த எம்5-இல் எட்டு சிலிண்டர் டர்போ எஞ்சின்; டர்போ வந்தால் எஞ்சின் சத்தம் அமுங்கிப்போகும்; எனவே உள்ளிருக்கும் ஸ்பீக்கர்கள் வழியே எஞ்சின் சத்தத்தைக் கூட்டி ஒலிபரப்பினார்கள். எஞ்சின் தன்னையே மிமிக்ரி செய்கிற கட்டம். போத்ரியார் பார்த்திருந்தால் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார்.

ஆனால் ஜெர்மனியில் இது முழுக்க மாயையுமல்ல. அங்கே ஆட்டோபான் சாலைகளின் பெரும்பகுதியில் நிரந்தர வேக வரம்பு கிடையாது. 1978 முதல் 130 கிலோமீட்டர் என்பது வெறும் பரிந்துரை. எண்ணெய் நெருக்கடியில், 1973 நவம்பர் முதல் 1974 மார்ச் வரை, 100 கிலோமீட்டர் வரம்பு போட்டுப் பார்த்தார்கள். ‘சுதந்திரக் குடிமக்களுக்குச் சுதந்திரப் பயணம்’ என்ற முழக்கம் அப்போது கிளம்பியது. வேகம் குடியுரிமையின் பெயரால் பேசப்பட்ட நாடு அது. எண்பதுகளின் பிற்பகுதியில் பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசி, கார்களை 250 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி எலெக்ட்ரானிக் பூட்டுப் போட்டுக்கொண்டன. அரசு வரம்பு போடுவதற்கு முன்பே தானாகப் போட்டுக்கொண்ட வரம்பு. என் காரிலும் அந்தப் பூட்டு இருக்கிறது. எந்தச் சாலைக்காக, எந்த அரசோடு நடந்த பேரத்தில் விழுந்த பூட்டோ, அது திண்டிவனம் போகிற காருக்குள்ளும் இருக்கிறது.

4

என் கார் ஜெர்மனியிலிருந்து கப்பலில் முழுசாக வந்ததல்ல. பிஎம்டபிள்யூவின் சென்னைத் தொழிற்சாலை 2007 மார்ச்சில் தொடங்கியது. செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால், மகேந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் இருக்கிறது. 2021-இல் இந்த எம்340ஐ அங்கே பூட்டப்படத் தொடங்கியபோது, இந்தியாவில் ஒருங்கிணைக்கப்பட்ட முதல் எம் ரகக் கார் என்று சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன. சில பாகங்களை இங்குள்ள கம்பெனிகள் கொடுக்கின்றன. இந்தத் தொழிற்சாலையின் கார்களுக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எஞ்சினைப் பூட்டிக் கொடுப்பது, லியர் சீட் கொடுப்பது, டிராக்ஸ்ல்மையர் ஒயரிங்கும் கதவின் உள்பலகையும் கொடுப்பது எல்லாம் 2015-இலேயே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை. இதற்குக் காரணம் சுதேசிப் பற்றல்ல, வரி. நான் வாங்கிய சமயத்தில், இந்த விலைக்குரிய காரை முழுசாக இறக்கினால் சுங்கவரி 100 சதவீதம். பாகங்களாக இறக்கிப் பூட்டினால் அதில் சிறு பகுதிதான்.

பிறகு இங்குள்ள வரி. பெரிய எஞ்சின் செடானுக்கு அப்போது ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதன் மேல் செஸ் 20, ஆக 48. (2025 செப்டம்பரில் இது 40 ஆகக் குறைந்தது. பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பது சரிதான்.) தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலைவரியை மாற்றியதில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 70 லட்சத்துக்குச் சற்று மேலே இருந்த ஷோரூம் விலை, இன்சூரன்சும் சேர்ந்து, சாலைக்கு வரும்போது 90 லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் கொடுத்ததில் ஐந்தில் இரண்டு பங்கு அரசுக்கு. வங்கியில் 60 மாதத் தவணை.

காரைக் கையில் கொடுக்கும் சடங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரின் மேல் பட்டுத்துணி போர்த்தி, விளக்கைக் குறைத்து, பாட்டுப் போட்டு, துணியை உருவச் சொன்னார்கள். கேக் வெட்டினோம். என் மனைவி பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். விற்பனைப் பையன் முகம் சுளிக்கவில்லை. அவனே கற்பூரத் தட்டை நீட்டினான். ம்யூனிக்கின் சடங்கும் மயிலாப்பூரின் சடங்கும் ஒன்றுக்கொன்று எந்தத் தொந்தரவும் செய்துகொள்ளவில்லை. ‘நவீனம்’, ‘மரபு’ என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு நாம் எழுதிய கட்டுரைகளெல்லாம் அந்தக் கற்பூரப் புகையில் கண்ணுக்கு முன்னால் கரைந்தன.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கார் தான் பிறந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து போகிற கம்பெனி பஸ்கள் நிற்கும். சன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். ஏஎம்ஜி தன் பெரிய எஞ்சின்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது: ஒரு ஆள் ஓர் எஞ்சினை முழுதாகப் பூட்டி, தன் கையெழுத்துள்ள தகட்டை மேலே ஒட்டுவார். எந்திர உற்பத்தி போக்கடித்த ‘ஒளிவட்டத்தை’ ஒரு தகட்டில் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு; வால்டர் பெஞ்சமினைப் படித்துவிட்டுச் செய்தது போல இருக்கும். என் காரில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அந்த பஸ்ஸில் தூங்கும் முகங்களில் எதுவும் என் காரைத் தொட்டிருக்கலாம், தொடாமலும் இருந்திருக்கலாம். உழைப்பு பண்டத்துக்குள் மறைந்துபோவது என்று புத்தகத்தில் படித்தது, டோல்கேட்டில் இரண்டடி தூரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விடுகிறது.

பெட்டிகளில் எல்லாப் பாகமும் வருகிறது. ஒன்றே ஒன்றுதான் வருவதில்லை: ஆட்டோபான்.

5

ஊர் என்றது திண்டிவனம். அப்பா அங்கே தனியாக இருக்கிறார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தோரு வருஷம் டிரைவர். காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து டயரைப் பார்த்தார். உட்காரச் சொன்னேன்.

‘இன்னாடா இது, குந்துனா எழுந்துக்க முடியல. தரையிலயே குந்துன மாதிரி கீது.’

‘ஸ்போர்ட்ஸ் வண்டிப்பா. அப்பிடித்தான் இருக்கும்.’

‘எவ்ளோ எச்.பி.?’

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘எத்தினி பேர் போலாம்?’ என்றார்.

அவர் ஓட்டிய லேலண்டு பஸ்ஸுக்கு நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். காலையில் திண்டிவனம் – புதுச்சேரி டிரிப்பில் எண்பது பேருக்குக் குறையாது. படியில் தொங்குகிறவர்கள் தனி. ஆளுக்கு ஒன்றரைக் குதிரை. அந்த எஞ்சினில் உபரி என்று எதுவும் கிடையாது. மேட்டில் ஏறும்போது கடைசிக் குதிரை வரை நுரை தள்ளும். நானோ பெரும்பாலும் தனியாக, 374-ஐ வைத்துக்கொண்டு போகிறேன். எளிமையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. முழுக்கப் பயன்படுவது என்பது எவ்வளவு சோர்வானது என்பதை அப்பாவின் தோள்பட்டை சொல்லும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம். வலது தோள் இன்றைக்கும் முழுசாக உயராது. சட்டை மாட்டுவதற்கு ஒரு தனி உத்தி வைத்திருக்கிறார்.

நம்மூரில் பெரிய கார் என்றால் அதன் அதிகார இருக்கை பின்னால் இடதுபக்கம். அம்பாசடர் காலத்திலிருந்து அப்படித்தான்: கலெக்டர், மந்திரி, மிராசுதார் எல்லோரும் பின்னால்; ஓட்டுவது இன்னொருவன் வேலை. அந்த ‘இன்னொருவன்’ எந்தச் சாதியிலிருந்து வந்தான், வீட்டுக்குள் எதுவரை அவனுக்கு அனுமதி என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஸ்போர்ட்ஸ் செடான் இந்த இருக்கை வரிசையைக் கலைக்கிறது. முதலாளியை முன்சீட்டுக்கு வரவழைத்து ஸ்டீயரிங்கைக் கையில் கொடுக்கிறது. இது ஜனநாயகம் மாதிரித் தெரியும். அப்படியல்ல. முப்பத்தோரு வருஷம் அப்பா சம்பளத்துக்குச் செய்த அதே வேலையை — ஸ்டீயரிங்கைத் திருப்புவது, மிதிப்பது, கண்ணாடி பார்ப்பது — நான் 90 லட்சம் கொடுத்துச் செய்கிறேன். அவருக்கு அது உழைப்பு, எனக்கு இன்பம். உடலசைவு ஒன்றுதான். செய்யாமலும் இருக்கலாம் என்கிற சலுகை எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. உழைப்பு இன்பமாவது கட்டாயம் விலகும்போதுதான் என்பதைப் பழைய தோழர்கள் வேறொரு சமுதாயத்துக்கான வாக்குறுதியாகச் சொன்னார்கள். சந்தை அதை மாதத் தவணையில் தருகிறது, தனித்தனி ஆளுக்கு.

அப்பா கடைசியில் கேட்டது: ‘பிரேக் எப்பிடி?’

‘சூப்பர்ப்பா.’

‘ம்.’

6

இனி சொல்லப்போவதை வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை.

வாங்கிய நான்காவது மாதம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேல்மருவத்தூர் தாண்டி அச்சரப்பாக்கம் பக்கம் சாலை காலியாகக் கிடந்தது. இதுவரை எழுதிய தத்துவமெல்லாம் அப்போதும் எனக்குத் தெரியும். ஆனால் காலி சாலையில் அந்த 354-உம் காலடியில் அசைகிறது. மிதித்தேன். அது எப்படியிருக்கும் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது: முதுகை யாரோ பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்து அணைத்துக்கொள்வது போல, வயிறு ஒரு கணம் பின்தங்கி வந்து சேர்வது போல. அதில் குறியும் இல்லை, குறியீடும் இல்லை. உடல் மட்டும்தான். பார்ப்பதற்கு ஒருவருமில்லாத சாலையில் யாருக்காகப் பகட்டு? குறிமதிப்பு என்று போத்ரியார் 1968-இல் ‘பொருள்களின் ஒழுங்கமைவு’ நூல் தொட்டு விரித்த வாதம் இந்த இடத்தில் போதாமல் போகிறது.

மீட்டர் 140 காட்டியது. சென்டர் மீடியனில் ஊர்க்காரர்கள் கடப்பதற்கான இடைவெளி. அதிலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வெளியே வந்தது. வயசான ஒருவர், பின்னால் ஒரு அம்மா, நடுவில் பால்கேன்.

140 என்றால் நொடிக்கு 39 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. 39 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு மிக நல்ல டயரும் மிக நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தாலும் நிற்க இன்னும் 75 மீட்டருக்கு மேல் வேண்டும். 80-இல் போயிருந்தால் எல்லாம் சேர்த்து 50 மீட்டருக்குள் முடிந்திருக்கும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த சமன்பாடுதான். கார் நின்றது. அவர்களுக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம் இருந்தது. அந்த அம்மா பால்கேனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பெரியவர் என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. ‘போங்க சார், போங்க’ என்று எனக்கு வழி விட்டுக் கையை ஆட்டினார்.

காரின் பிரேக்தான் காப்பாற்றியது என்று பிறகு பெருமையாக நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. காப்பாற்ற வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்ததும் அதே கார், அதே கால்.

ஆட்டோபானில் டிவிஎஸ் எக்ஸெல் வராது, நடந்து யாரும் கடக்க மாட்டார்கள். அதற்கு அங்கே அனுமதியே இல்லை. நம் சாலை அப்படியல்ல. அது ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கழனி. 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்பது அரசுக் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்.

2018-இல் மத்திய அரசு வேக வரம்பைக் கூட்டியது: எக்ஸ்பிரஸ்வேயில் கார்களுக்கு 120, நான்குவழிச் சாலையில் 100. எஞ்சின் தொழில்நுட்பம் மேம்பட்டிருக்கிறது, சாலை மேம்பட்டிருக்கிறது என்பது காரணம். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் தொடர்ச்சியாக, அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. எஞ்சின் எவ்வளவு மேம்பட்டாலும் கடக்கிறவரின் உடல் மேம்படுவதில்லை என்பதாகவே நான் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறேன். 374 குதிரைத்திறனில் முன்னேற்றம் இருக்கிறது; பால்கேனைப் பிடித்திருந்த கையில் அதே பழைய எலும்புதான்.

ரொலான் பார்த், 1955-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சித்ரோன் டிஎஸ் காரைப் பற்றி எழுதியது நம்மில் பலருக்குத் தெரியும். கார்களை மத்தியகாலத்து மாபெரும் தேவாலயங்களோடு ஒப்பிட்டார். காரைப் பிரதியாக வாசிக்க நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1980 பிப்ரவரி 25 அன்று பாரிஸ் தெருவைக் கடக்கும்போது ஒரு சலவைக்கடை வேன் அவர் மேல் மோதியது. ஒரு மாதம் கழித்து, மார்ச் 26 அன்று இறந்தார். இதில் முரண்நகை தேடிச் சிரிப்பது அற்பத்தனம். ஆனால் காரின் வாசிப்பில் நாம் விட்டுவிட்ட ஓர் இடம் இருக்கிறது: கார் வாங்குகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் குறியாக இருக்கிறது, கடக்கிறவனுக்கு அது எடையும் வேகமும். நாம் எழுதியதெல்லாம் முதல் இருவரை வைத்துத்தான்.

இப்போது அந்த 354-க்குத் திரும்பலாம். பயன்படாத ஆற்றல் என்று சொன்னேன். அது என் பக்கத்திலிருந்து பார்த்த கணக்கு. எதிரே கடக்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சும்மா கிடக்கவில்லை. அதை நான் எப்போது அவிழ்ப்பேன் என்று தெரியாத நிலையில்தான் அவர் ஒவ்வொரு நாளும் சாலையைக் கடக்கிறார். என் உபரி அவருடைய எச்சரிக்கையாக, அவருடைய ‘போங்க சார்’ ஆக, ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதிகாரம் என்பதும் இதுதானே? அடித்துக் காட்ட வேண்டியதில்லை. அடிக்க முடியும் என்று எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்தால் போதும், அவன் ஒதுங்கிப் போவான். நிலம் வைத்திருந்தவன் சாட்டையை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தது அடிப்பதற்காக மட்டுமல்ல.

7

‘அப்ப வித்துடலாமே’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. விற்றால் பாதி விலை வந்தாலே அதிகம். தவணை இன்னும் முப்பத்தெட்டு பாக்கி. ஆனால் அது சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்கு அந்தக் காரைப் பிடிக்கிறது. வளைவில் அது திரும்புகிற விதம் பிடிக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்று பெட்ரோல் குடிக்கும்போதும் பிடிக்கிறது. விளக்கிவிட்டால் மாயை விலகிவிடும் என்று தொண்ணூறுகளில் நம்பினோம். விளக்கம் மாயையைக் கலைப்பதில்லை. ஆனால் இன்னாருக்கு இன்ன கணக்கு பாக்கி என்று எழுதி வைக்கிறது. இந்தக் கட்டுரையின் வேலை அவ்வளவுதான்.

போன மாதம் அந்த முதல் போன் செய்த தோழர் வீட்டுக்கு வந்திருந்தார். காரைச் சுற்றி வந்தார், கேலி செய்தார், காபி குடித்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, ‘ஒரு ரவுண்டு போலாமா?’ என்றார். போனோம். வண்டலூர் தாண்டியதும், ‘கொஞ்சம் மிதிங்க, பாப்போம்’ என்றார். நான் மிதிக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். அச்சரப்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னேன். திரும்பி வரும் வரை இருவரும் அதிகம் பேசவில்லை.

அந்த மீடியன் இடைவெளிக்கு நான் இப்போது 60-இல்தான் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ‘இந்த வண்டியை வச்சிக்கிட்டு இப்படியா போறது’ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். அந்தப் பெரியவரை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.